ஃபைபர் இணைப்பு எடுக்கும்போதும் மாற்றும்போதும் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் வீட்டில் இணையம் நின்றாலும் என் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். நான் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்தவன் அல்லன். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்த காலத்தில், ஒவ்வொரு நிறுவனத்தின் ஆள் வரும்போதும் கூடவே மொட்டை மாடிக்கு ஏறி நின்றேன். அப்படிப் பழகிய கை இது. திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில் வரும்.

ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டியை நிறுவனத்தார் ஓஎன்டி என்பார்கள். வீடுகளில் மோடம் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன்.

## தொடங்கும் முன்

நிறுவனம் மாறுகிறவர்கள், புதிய இணைப்பு பத்து நாட்களாவது ஒழுங்காக ஓடும்வரை பழையதைத் துண்டிக்க வேண்டாம். அந்தப் பத்து நாட்களில் ஒரு ஞாயிறு இரவும், முடிந்தால் ஒரு நல்ல மழையும் அடங்கட்டும். பத்து நாள் வாடகை இரண்டு பக்கமும் போகும் என்பது உண்மைதான். ஆனால் பழையதை முதலில் துண்டித்துவிட்டுப் புதியது வராமல் மூன்று வாரம் தவித்த குடும்பங்களை எங்கள் குடியிருப்பிலேயே பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வீட்டில் பிள்ளைக்கு அப்போது இணையவழித் தேர்வு.

மோடத்தின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதற்குள் எதையும் விட்டு அழுத்தாதீர்கள். அணைத்துப் போடுவது வேறு, இந்தத் துளையை அழுத்துவது வேறு. அழுத்தினால் நிறுவனம் உள்ளே பதிந்துவைத்த பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் என்ற வழித்தட எண் எல்லாம் அழிந்துவிடும். பத்து நிமிடத்தில் தீர வேண்டிய கோளாறு, ஆள் வந்தால்தான் தீரும் என்ற நிலைக்குப் போய்விடும்.

இணைப்பு நன்றாக ஓடுகிற நாளில் மோடத்தின் விளக்குகளைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும் ஒரு படம் எடுங்கள். கோளாறு வந்த அன்று எந்த விளக்கு மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

## அறிகுறி: பதிவு செய்தாயிற்று, ஆள் வரவில்லை; அல்லது வந்தவர் "இங்கே கொடுக்க முடியாது" என்கிறார்

நிறுவனத்தின் செயலியில் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று வந்திருக்கும். அது பகுதிக்குத்தான் பொருந்தும், உங்கள் வாசலுக்கு அல்ல.

முதலில் வரைபடத்தில் நீங்கள் குத்திய இடத்தைப் பாருங்கள். இரண்டு தெரு தள்ளிக் குத்தியிருந்தால் விண்ணப்பம் வேறு ஆளின் வட்டாரத்துக்குப் போயிருக்கும். ஒரே பெயரில் முதல் தெரு, இரண்டாம் தெரு, குறுக்குத் தெரு என்று இருக்கும் நகர்களில் இது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து ஆவணம். ஆதாரில் சொந்த ஊர் முகவரியும் விண்ணப்பத்தில் வாடகை வீட்டு முகவரியும் இருந்தால், பல சமயம் மறுப்பும் சொல்லாமல் ஏற்பும் சொல்லாமல் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். வாடகை ஒப்பந்தத்தையோ இப்போதைய முகவரியுள்ள எரிவாயு ரசீதையோ சேர்த்துக் கொடுத்து, "சரிபார்ப்பு முடிந்ததா?" என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

இரண்டும் சரி என்றால், கம்பத்திலோ உங்கள் கட்டடச் சுவரிலோ இருக்கும் பிரிப்புப் பெட்டியில் இடம் இல்லாமல் இருக்கலாம். ஒரு பெட்டியிலிருந்து எட்டு வீடோ பதினாறு வீடோதான் எடுக்க முடியும். வந்தவரிடம் நேராகவே கேளுங்கள்: "தம்பி, பெட்டியில் போர்ட் காலியாக இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த பெட்டி எவ்வளவு தூரம்?" பெட்டி நிறைந்துவிட்டது என்றால், அது எப்போது விரிவாகும் என்பதை வாய்மொழியாக ஏற்காமல் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ கேட்டு வாங்குங்கள். தேதி சொல்ல மறுத்தால் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு நிறுவனத்தைப் பாருங்கள். காத்திருந்து பயன் கண்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

அடுக்குமாடியில் இன்னொரு தடை, சங்கம். கம்பி போகும் குழாயைத் திறக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும், காவலாளிக்குத் தகவல் வேண்டும். ஆள் வருவதற்கு முதல் நாளே இதை முடித்துவையுங்கள். வாசலில் இருந்து ஒரு முறை திரும்பிப் போனவர் அடுத்த முறை எளிதில் வருவதில்லை.

பணம் கட்டும்போது ஒன்று: விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 499 ரூபாய்த் திட்டம் என்றால் கையிலிருந்து போவது 588 ரூபாய் 82 காசு. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ முன்பணம் கட்டினால் பொருத்தும் கட்டணம் இல்லை என்று சொல்வார்கள். புது நிறுவனத்தின் சேவை உங்கள் தெருவில் எப்படி என்று தெரியாத நிலையில், முதலில் ஒரு மாதமோ மூன்று மாதமோ கட்டுவதே நல்லது. பொருத்தும் கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய் ஓராண்டுக்கு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

## அறிகுறி: மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை

வேறு பிளக்கில் மாற்றிச் செருகுங்கள். பின்புறம் இருக்கும் பொத்தான் உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பெருக்கித் துடைக்கும்போது கைபட்டு வெளியே வந்திருக்கும்.

அதுவும் சரியென்றால் அடாப்டர் போயிருக்கலாம். பெரும்பாலான மோடங்களுக்கு 12 வோல்ட் அடாப்டர்தான். ஆனால் ஆம்பியர் அளவு மாறுபடும்: அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று இருக்கும். மோடத்தின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். செட்டாப் பாக்ஸ் அடாப்டர் செருகுவதற்குப் பொருந்துகிறது என்பதற்காகப் போட்டுவிடாதீர்கள். வோல்ட் கூடினால் மோடம் எரியும். ஆம்பியர் குறைந்தால் விளக்கு எரியும், ஆனால் அரை மணிக்கு ஒரு முறை மோடம் தானாக அணைந்து எழும். "அடிக்கடி இணையம் போய் வருகிறது" என்று வரும் புகார்களில் சில, இப்படி அடாப்டர் மாறிப்போனதால் வந்தவை.

சரியான அடாப்டர் போட்டும் எரியவில்லை என்றால் மோடம் போய்விட்டது. அது நிறுவனத்தின் பொருள் என்றால் மாற்றித் தருவது அவர்கள் பொறுப்பு. இங்கே அழைத்துவிடுங்கள்.

## அறிகுறி: எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிகிறது அல்லது சிமிட்டுகிறது

ஒளி வந்து சேரவில்லை என்பதே இதன் பொருள். அதிகமாக வரும் கோளாறும் இதுதான், வீட்டுக்காரர்கள் தாங்களாகவே கெடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் இதில்தான். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

முதலில் பக்கத்து வீட்டைக் கேளுங்கள். அதே நிறுவனத்தின் இணைப்பு அவர்களுக்கும் நின்றிருந்தால் வெளியே கம்பி அறுந்திருக்கிறது, அல்லது அந்தப் பகுதிக்கு ஒளி அனுப்பும் கருவிக்கு மின்சாரம் இல்லை. நீங்கள் செய்வதற்கு எதுவும் இல்லை. புகாரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருங்கள். பொருத்தியவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவைத்தால் கூடுதல் நல்லது. உள்ளூர் கேபிள்காரர் வழியாக வரும் இணைப்பு என்றால் அவர் அலுவலகத்தின் பேட்டரி தீர்ந்தாலே தெரு முழுவதும் நின்றுவிடும்.

உங்கள் வீட்டில் மட்டும் என்றால், மோடத்திலிருந்து கம்பியைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். மேசைக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா? கதவிடுக்கில் மாட்டியிருக்கிறதா? ஜன்னல் கம்பியில் சுற்றிக் கட்டியிருக்கிறதா? ஃபைபர் கம்பி வளையலாம், மடியக் கூடாது. ஒரு தேநீர்க் குவளையின் வாய் அளவுக்கு வட்டம் இருந்தால் பாதகமில்லை. விரலில் சுற்றும் அளவுக்கு இறுக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பை நீக்கிக் கம்பியைத் தளர்த்தி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். இதிலேயே சரியாகிவிடும் வீடுகள் கணிசம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வாரத்திலும் ஆயுத பூஜைக்குத் துடைக்கும் வாரத்திலும் என்னிடம் வரும் அழைப்புகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான்.

அடுத்து, மோடத்தில் செருகியிருக்கும் முனை. அதை மெதுவாக இழுத்து, "க்ளிக்" என்று கேட்கும்வரை மீண்டும் செருகுங்கள். ஒரு முறை போதும். முனையின் வெள்ளைப் பகுதியை விரலால் தொடாதீர்கள், வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசையே ஒளியைத் தடுக்கப் போதும். கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். உள்ளே வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. அது கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று பொருள் அல்ல. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கழற்றிய முனைக்கு உடனே மூடி போட்டுவிடுங்கள்.

### நிறுவனம் மாறிய சில நாட்களில் எல்ஓஎஸ் சிவப்பானால்

இது தனி வகை. பழைய நிறுவனத்தின் ஆள் தன் கம்பியைக் கழற்ற வந்து, ஒரே குழாயில் போகும் புதுக் கம்பியை வெட்டிவிட்டுப் போவது நடக்கிறது. பெட்டியில் இடம் பிடிக்க ஒருவர் இணைப்பைக் கழற்றி இன்னொருவருக்குச் செருகுவதும் நடக்கிறது. புதுக் கம்பி பொருத்திய அன்றே அதன் இரு முனையிலும் உங்கள் வீட்டு எண்ணும் நிறுவனத்தின் பெயரும் எழுதிய ஒட்டுத்தாளைச் சுற்றி ஒட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு காரியத்தால் எங்கள் குடியிருப்பில் வெட்டுப்படுவது மிகவும் குறைந்துவிட்டது.

நிறத்தையும் பாருங்கள். பச்சை முனையின் நுனி எட்டுப் பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல முனையின் நுனி அப்படியல்ல. பச்சையை நீலத்தோடு சேர்த்தால் செருகிக்கொள்ளும், ஆனால் இரண்டு நுனிக்கும் நடுவே இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். பழைய இணைப்பின் சிறிய ஃபைபர் கம்பியை எடுத்துப் புது மோடத்தில் போட்டவர்களுக்கு இது நேரும்.

### மழை வந்தால் மட்டும் சிவப்பானால்

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் வரிசையாக வரும். கண்ணாடி இழைக்கு மழையால் கேடில்லை. கம்பத்துப் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் நீர் இறங்குவது, காற்றில் கம்பி தொய்ந்து மரக்கிளையில் உரசுவது, அணில் கடித்த இடம் நனைந்து விரிவது ஆகியவைதான் காரணம். வீட்டுக்குள் எதைத் தேடியும் பயனில்லை. மழை நாளில் நீங்களே மாடியேறிக் கம்பியை இழுத்துக் கட்டவும் வேண்டாம். பக்கத்தில் மின்கம்பி போகும்.

### எப்போது ஆளை அழைப்பது

மடிப்பு நீக்கி, முனையை ஒரு முறை செருகிப் பார்த்தும் சிவப்பு போகவில்லை என்றால் அழையுங்கள். வருகிறவர் ஒளியின் வலுவை அளக்கும் கருவி கொண்டுவருவார். அளவைக் கேட்டு எழுதிவையுங்கள். இது மைனஸ் எண்ணாக வரும். எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மெலிகிறது என்று பொருள். வழக்கமான வீட்டு மோடங்கள் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) வரை தாங்கும். மைனஸ் 18, 20, 22 என்று வந்தால் நிம்மதி. மைனஸ் 26 என்று காட்டி "இணையம் வருகிறதே, ஐயா" என்று அவர் கிளம்பினால் விடாதீர்கள். அது அடுத்த மழைக்கு நின்றுவிடும். இணைப்பை மீண்டும் ஒட்டியோ வெளிக்கம்பியை மாற்றியோ அளவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பழுது வெளிப்பக்கம் என்றால் அதற்கு உங்களிடம் காசு கேட்கும் நியாயம் இல்லை. உங்கள் வீட்டுக்குள் எலி கடித்த கம்பியை மாற்றக் கேட்டால் அது வேறு.

## அறிகுறி: பான் என்ற விளக்கு விடாமல் சிமிட்டுகிறது, எல்ஓஎஸ் சிவப்பு இல்லை

ஒளி வருகிறது, ஆனால் நிறுவனத்தின் கருவி உங்கள் மோடத்தை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. புதிதாகப் பொருத்திய அன்று இது வந்தால், மோடத்தின் வரிசை எண்ணை அலுவலகத்தில் இன்னும் பதியவில்லை, அல்லது ஓர் எழுத்தை மாற்றிப் பதிந்துவிட்டார்கள். நீங்கள் எடுத்துவைத்த படத்தைப் பார்த்துத் தொலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்டுங்கள். எட்டும் பி என்ற எழுத்தும், பூஜ்யமும் ஓ என்ற எழுத்தும்: இந்த இரண்டு இணையும்தான் மாறிப்போகும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பில் திடீரென்று இப்படி ஆனால் ஒளி மெலிந்திருக்கிறது. மேலே சொன்ன மடிப்பு, முனை ஆகியவற்றைப் பாருங்கள்.

## அறிகுறி: பான் நிலையாக எரிகிறது, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை அல்லது சிவப்பு

ஃபைபர் சரி. கணக்கில்தான் சிக்கல்.

பணம் கட்டியது சேர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். புதுப்பித்த அன்று மோடத்தை ஒரு முறை அணைத்துப் போட வேண்டியிருக்கும்.

மோடத்தையோ ரூட்டரையோ மாற்றிய பின் இப்படி என்றால், பழைய கருவியின் உள்நுழைவு நிறுவனத்தின் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கலாம். கால் மணி நேரம் அணைத்துவைத்துப் பிறகு போடுங்கள். சில நிறுவனங்கள் கருவியின் அடையாள எண்ணோடு கணக்கைப் பூட்டிவைத்திருக்கும். அப்படியானால் உதவி மையத்தில் "பழைய எண்ணை விடுவியுங்கள்" என்று கேட்டால் சில நிமிடத்தில் செய்துவிடுவார்கள். இதற்கு ஆள் வரத் தேவையில்லை. ஆள் வருகைக்குக் கட்டணம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

யாராவது அந்த ஊசித்துளையை அழுத்திவிட்டார்கள் என்றால், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கி மீண்டும் பதிய வேண்டும். கூடவே வழித்தட எண்ணையும் கேளுங்கள், அதாவது விலேன் எண். அது தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இணையம் வராது. மோடத்தின் அமைப்புப் பக்கங்களை உலாவியில் திறந்து பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் ஆளை அழைப்பதே நல்லது.

## அறிகுறி: வாட்ஸ்அப் வருகிறது, யூடியூப் ஓடுகிறது, சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை

தளத்தின் பெயரைப் பார்த்து அதன் இணைய முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் வழங்கியில் கோளாறு. கைப்பேசியின் வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டுப் பாருங்கள். திறந்தால் மோடத்திலும் அதையே போட்டுவிடலாம். திறக்கவில்லை என்றால், எந்தத் தளம் எந்த நேரத்தில் என்று குறித்துப் புகார் செய்யுங்கள்.

## அறிகுறி: கட்டியது 300 எம்பிபிஎஸ், வருவது அதில் ஒரு துண்டு

முதலில் கணக்கு. எம்பிபிஎஸ் என்பது பிட். கோப்பு இறங்கும்போது காட்டுவது பைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கோப்பு நொடிக்கு 12 மெகாபைட் அளவில் இறங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது.

பிறகு, வைஃபையில் சோதித்துவிட்டு நிறுவனத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். மடிக்கணினியை மோடத்தோடு லேன் கம்பியில் இணைத்து, வீட்டிலுள்ள மற்ற கருவிகளை நிறுத்தி, மூன்று வேளை சோதியுங்கள்: காலை, மதியம், இரவு ஒன்பது மணி. வருகிற எண்ணைப் பொறுத்து வழி பிரிகிறது.

லேன் கம்பியில் முழு வேகம், வைஃபையில் 40, 50: கைப்பேசி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அலைவரிசையில், அடுக்குமாடியின் நெரிசலில் அவ்வளவுதான் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். ஆகவே மோடத்தை டிவி அலமாரிக்குள்ளும் இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் வைக்காமல் கூடத்தின் நடுவே, தலை உயரத்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். பொருத்த வருகிறவர் வாசலுக்கு அருகே ஆணி அடித்து முடிக்கப் பார்ப்பார், அவருக்குக் கம்பி மிச்சம். அந்த அரை மணி நேரம் பக்கத்தில் நின்று இடத்தை நீங்களே காட்டுங்கள். பின்னால் ரிப்பீட்டர் வாங்கும் செலவு மிச்சமாகும்.

லேன் கம்பியிலும் 94, 95க்கு மேல் போகவே இல்லை: இந்த எண் வந்தால் எனக்கு மகிழ்ச்சி, காரணம் உறுதியாகத் தெரிந்துவிடும். வழியில் ஏதோ ஒன்று 100 எம்பிபிஎஸ்ஸில் முட்டி நிற்கிறது. லேன் கம்பியில் எட்டு இழைகளும் உயிரோடு இருந்தால்தான் அதற்கு மேல் போகும். நான்கு மட்டும் இருந்தால் 100. கம்பியை மாற்றுங்கள். மாற்றியும் 95 என்றால் மோடத்தின் துவாரமே 100 வரைதான், அல்லது உங்கள் பழைய ரூட்டர் அவ்வளவுதான். 300 திட்டம் விற்றுவிட்டு 100 துவாரமுள்ள மோடம் கொடுத்திருந்தால் மாற்றித் தரக் கேட்பது உங்கள் உரிமை. வாங்கும் முன்பே கேட்பது இன்னும் நல்லது.

பகலில் முழு வேகம், இரவில் மட்டும் படுத்துவிடுகிறது: உங்கள் வீட்டில் எந்தக் குறையும் இல்லை. தெருவுக்கு வரும் மொத்த அளவை அதிகம் பேருக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். மோடம் மாற்றினாலும் தீராது, ஆள் வந்தாலும் தீராது. ஏழு நாள் இரவுச் சோதனைப் படங்களோடு எழுத்தில் புகார் கொடுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் நிறுவனத்தை மாற்றுங்கள். மாற்றும் முன், அதே கட்டடத்தில் புது நிறுவனத்தின் இணைப்பு உள்ள ஒருவர் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

மாதக் கடைசியில் மட்டும்: வரம்பற்றது என்று விற்கும் திட்டங்களிலும் மாத அளவு உண்டு. பல நிறுவனங்களில் அது 3,300 ஜிபி. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பார்கள். கண்காணிப்புக் கேமராவை இரவு பகலாக இணையத்தில் சேமிக்கும் வீடுகள் இதில் மாட்டும். இப்படிக் குறைத்த பிறகும் வேகம் 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே போனால், 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை மாற்றியமைத்த வரையறையின்படி அதைப் பிராட்பேண்ட் என்று அழைக்கவே முடியாது. புகாரில் இதைக் குறிப்பிடுங்கள்.

## அறிகுறி: மாறிய பிறகு வீட்டில் பாதிக் கருவிகள் இணையவில்லை

டிவி, கேமரா, பாட்டியின் டேப்லெட் என்று ஒவ்வொன்றிலும் புதுக் கடவுச்சொல் போட அலைய வேண்டாம். பழைய மோடத்தை அணைத்துவிட்டு, புது மோடத்தின் வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே எழுத்து மாறாமல் வையுங்கள். பெரும்பாலானவை தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

### கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை என்றால்

மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதில் காட்டும் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணிலோ 10 என்ற எண்ணிலோ தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டிருக்கிறார்கள். பழைய நிறுவனத்தில் வேலை செய்த துவாரத் திறப்பு (வெளியிலிருந்து கேமராவுக்கு வழிவிடும் போர்ட் பார்வர்டிங் அமைப்பு) இங்கே வேலை செய்யாது. கேமராப் பெட்டியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை அதன் செயலியில் காட்டி இணைத்தால் செலவில்லாமல் தீரும். அந்த வசதி இல்லாத பழைய பெட்டி என்றால் நிலையான முகவரிக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டும். கேமரா பொருத்தியவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

### தரைவழித் தொலைபேசி பேசவில்லை என்றால்

தொலைபேசிக் கம்பியை மோடத்தில் தொலைபேசிக்கென்று இருக்கும் சிறிய துவாரத்தில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அழைப்பு வருகிறது, கைப்பேசிக்குப் போகவில்லை என்றால் எண்ணுக்கு முன் 0 சேருங்கள். 2021 ஜனவரி 15 முதல் தரைவழியிலிருந்து கைப்பேசிக்கு அப்படித்தான். மின்சாரம் போனால் மோடத்தோடு தொலைபேசியும் நிற்கும். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வாங்கிவையுங்கள்.

எண்ணைப் பற்றி ஒரு கசப்பான செய்தி. கைப்பேசி எண்ணைப் போலத் தரைவழி எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் வசதி இந்தியாவில் இல்லை. செம்புக் கம்பியிலிருந்து பிஎஸ்என்எல் ஃபைபருக்கு மாறுவது போல, அதே நிறுவனத்துக்குள் மாறினால் எண்ணை வைத்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டு பழைய எண்ணை வங்கியிலும் ஓய்வூதியக் கணக்கிலும் கொடுத்திருப்பவர்கள், துண்டிக்கும் முன் அங்கெல்லாம் மாற்றி முடிக்க வேண்டும். துண்டித்த பின் திரும்பப் பெறுவது கடினம்.

## அறிகுறி: பழைய இணைப்பை நிறுத்தச் சொல்லியும் பில் வருகிறது, வைப்புத்தொகை வரவில்லை

தொலைபேசியில் சொன்னதை மட்டும் நம்பியிருந்தால் முதல் காரணம் அதுதான். மின்னஞ்சலிலோ செயலியிலோ எழுத்தில் கேளுங்கள், கோரிக்கை எண்ணை வாங்குங்கள். கேட்டதிலிருந்து 7 நாளில் இணைப்பை முடிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த தரநிலை. தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை வங்கியிலோ யுபிஐ செயலியிலோ நீங்களே ரத்து செய்யுங்கள்.

இரண்டாவது காரணம், மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சான்று இல்லாதது. வந்து வாங்கிப்போனவரிடம் வரிசை எண், தேதி, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லை என்று அவர் சொன்னால், பொருளை அவர் கையில் கொடுக்கும் முன் வரிசை எண் தெரியப் படம் எடுத்து, அப்போதே நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அடாப்டரும் கூடவே போக வேண்டும். அது இல்லை என்று சொல்லி வைப்புத்தொகையைப் பிடித்துவைத்த ஒரு நிறுவனத்தோடு பக்கத்து வீட்டு அம்மாவுக்காக நான்கு மாதம் கடிதம் எழுதியிருக்கிறேன். கடைசியில் பணத்தைப் பெற்றுத் தந்தது அந்த ஒரு படம்தான்.

இவ்வளவுக்கும் பிறகு பதில் இல்லையென்றால் படிகள் உண்டு. பெரிய நிறுவனங்களில் புகார் மையத்துக்கு மேலே மேல்முறையீட்டு அதிகாரி இருப்பார். புகார் எண்ணைக் குறிப்பிட்டு 30 நாட்களுக்குள் அவருக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை, 39 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளை வீணாக்காதீர்கள். அடுத்த படி தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அரசின் குறைதீர் இணையதளம் வழியாக எழுதுவது. உள்ளூர்ச் சிறு நிறுவனம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு நேராகவே போய்விடலாம்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புச் சேவைக் குறைகளை அங்கே கொண்டுபோகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கோரிக்கை எண், ரசீதுப் படம், வங்கிக் கணக்கில் பணம் போன வரி, அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.